நேயரின் அபிமானம்: புனே நகரத்து வானொலியை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து கேட்கிறவர்களை மராத்தியர் 'ச்ரோதே' என்கிறார்கள். செவி கொடுத்துக் கேட்பவர் என்பதற்கு மேல் அந்த வடசொல்லில் வேறு பொருள் இல்லை. நாமோ அதே மனிதரை 'நேயர்' என்று அழைக்கப் பழகிவிட்டோம். ஸ்நேகம் என்ற சொல்லோடு உறவு கொண்டாடும் இந்தப் பெயரை வானொலிக்கு முதன்முதலில் சூட்டியவர் யாராயிருப்பினும், முகம் அறியாத ஒரு குரலுக்கும் அக்குரலை நாள்தோறும் எதிர்பார்த்திருக்கும் ஒருவருக்கும் இடையே உண்டாகும் சம்பந்தம் காதோடு நின்றுவிடுவதில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே கொள்ள வேண்டும். அன்பு என்று ஒன்று இருக்குமானால், அது யார்மேல் வைக்கப்பட்டது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. பேசுகிறவர் மேலா, அவரைப் பேச வைத்த நிலையத்தின் மேலா, அல்லது இவ்விரண்டிலும் சேராத வேறொன்றின் மேலா? குரலும் நிலையமும் ஒன்றாயிருக்கிற வரையில் இக்கேள்விக்கு விடை காண வழியில்லை. குரல் ஒரு நாள் தான் இருந்த இடத்தை விட்டு வேறிடம் போய்விடுகிறதே, அப்போதுதான் நேயத்தின் உண்மையான விலாசம் தெரிய வருகிறது.

தனியார் பண்பலை நிலையங்கள் தோன்றிய பிறகு நம் நகரங்களில் இந்த இடமாற்றம் சர்வ சாதாரணமாகிவிட்டது. 2002-ஆம் ஆண்டில் ரேடியோ மிர்ச்சி புனேக்கு வந்தது. இரண்டாம் கட்ட உரிமங்கள் வழங்கப்பட்டதும் ரேடியோ சிட்டி, ரேடியோ ஒன் முதலியவை தொடர்ந்தன. ஆர்.ஜே. என்று ஊரார் சொல்லும் பேச்சாளர், இன்று மிர்ச்சியின் 98.3-இல் பேசினால் நாளை வேறோர் எண்ணில் பேசுவார். நம் பக்கத்தில் ஆர்.ஜே. பாலாஜி கோயம்புத்தூரில் ரேடியோ மிர்ச்சியில் தொடங்கிப் பின்னர் சென்னையில் பிக் எஃப்.எம்.முக்குப் பெயர்ந்து அங்கேதான் பெரும் கியாதி பெற்றார். ஆனால் இப்படிப் பெயர்கிறவரோடு எத்தனை நேயர் பெயர்கிறார்கள் என்பதைப் புனேயில் கணக்கிட்டுப் பார்க்க முயன்றால், தொடக்கத்திலேயே ஒரு முட்டுக்கட்டை. 2007-இல் 'ராம்' என்ற பெயரில் தொடங்கிய வானொலி நேயர் அளவீடு, கேட்பவர் கையில் நாட்குறிப்பைக் கொடுத்து எழுதி வாங்கும் முறையில், மும்பை, டெல்லி, பெங்களூர், கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களோடு நின்றுவிட்டது. புனே அந்த நாட்குறிப்புக்குள் வரவில்லை. ஆகவே இங்கே எண்களை விட்டுச் சரித்திரத்தைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கிறது; அந்தச் சரித்திரமோ, வானொலியைப் பொறுத்தமட்டில், இந்தியாவின் வேறெந்த நகரத்தினுடையதற்கும் இளைத்ததன்று.

எனக்கு உறவுமுறையில் மாமா ஒருவர் கட்கியிலுள்ள ஆயுதத் தொழிற்சாலையில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். அவர் வீட்டில் வால்வு பொருத்திய மரப்பெட்டி வானொலி ஒன்று, குரோஷா பின்னல் துணியால் போர்த்தப்பட்டு, சுவரில் அடித்த பலகையின்மேல் வீற்றிருந்தது. அலைவரிசை எழுதிய கண்ணாடியின்மேல் அத்தை தம் நகப்பூச்சால் இரண்டு சிவப்புப் புள்ளிகள் வைத்திருந்தார். முள்ளை இழுத்துச் செல்லும் கயிறு தளர்ந்துபோய், கண்ணாடியில் அச்சிட்ட எண்ணுக்கும் உண்மையில் நிலையம் அகப்படும் இடத்துக்கும் ஒரு விரற்கடை வித்தியாசம் வந்துவிட்டிருந்தபடியால், எண்ணை நம்பாமல் புள்ளியை நம்பித்தான் அவர்கள் வீட்டில் வானொலி கேட்டார்கள். முதற்புள்ளி தமிழ் அறிவிப்பாளர் மயில்வாகனனுக்கு, மற்றது இந்தி அறிவிப்பாளர் அமீன் சயானிக்கு. இரண்டும் இலங்கை வானொலியே என்றாலும் அத்தை ஒருநாளும் நிலையத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. மனிதரின் பெயரைச் சொல்லித்தான் முள்ளைத் திருப்பச் சொல்வார்.

இலங்கையின் வர்த்தக ஒலிபரப்பு 1950-இல் தொடங்கியது. இரண்டாண்டு கழித்து இந்தியத் தகவல் ஒலிபரப்பு இலாகாவின் மந்திரியாக வந்த பி. வி. கேஸ்கர், சினிமா சங்கீதம் ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்ற திடமான அபிப்பிராயம் உடையவராதலால், அகில இந்திய வானொலியில் அதற்கிருந்த இடத்தைச் சுருக்கினார். அவர் ஒரு கதவைச் சாத்தியபோது கொழும்பில் திறந்திருந்த கதவின் வழியாக 1952 டிசம்பர் 3-ஆம் தேதி புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு பினாகா கீத்மாலா என்ற இந்தி சினிமாப் பாட்டு நிகழ்ச்சி இந்தியாவுக்குள் நுழைந்தது. அதற்குக் கொடுக்கப்பட்ட வாரம் 25 ரூபாய் சம்பளத்தை மூத்த அறிவிப்பாளர்கள் ஏற்க முன்வராத காரணத்தால், இருபது வயது நிரம்பாத அமீன் சயானிக்கு அந்த வேலை கிடைத்தது. ஏழு பாட்டுக்களை முன்பின்னாகப் போட்டு அவற்றைக் காலவரிசைப்படுத்தி எழுதும்படி நேயர்களைக் கேட்டது முதல் நிகழ்ச்சி. ஒன்பதாயிரம் கடிதங்கள் வந்தன என்றும், பிற்பாடு அது வாரத்துக்கு அறுபதாயிரத்துக்கு மேல் ஏறிற்று என்றும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கடிதங்களை எண்ணி மாளாமல்தான் போட்டியை விட்டுவிட்டு, பாட்டுக்களை ஜனரஞ்சகத்தின் படிவரிசையில் அடுக்கும் முறைக்கு மாறினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சயானி கொழும்பில் இருந்து பேசவில்லை. பம்பாயில் ஒலிப்பதிவு செய்த நாடா விமானத்தில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து சிற்றலையில் ஏறி, கடலையும் தக்காண பீடபூமியையும் தாண்டிப் புனேக்கு வந்து சேர்ந்தது. பம்பாய்க்கும் புனேக்கும் இடையே சுமார் 150 கிலோமீட்டர்; கொழும்புக்கும் புனேக்கும் இடையே 1,400 கிலோமீட்டருக்கும் மேல். மலைத்தொடர் ஒன்றுக்கு அப்பால் அடுத்த வீட்டில் உட்கார்ந்து பேசுகிறவரின் குரல், தேசத்தைச் சுற்றிக்கொண்டு இரைச்சலும் ஏற்ற இறக்கமுமாய் வந்து சேர்வதை நேயர் பொறுத்துக்கொண்டார். அதே நகரத்தில் 1953 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கி மத்திய அலையில் பளிச்சென்று ஒலித்துக்கொண்டிருந்த புனே நிலையத்தை அந்த அரைமணி நேரத்துக்கு ஒதுக்கி வைத்தார். நிலையத்தின்மேல் வைத்த பற்று இது என்று யாரும் வாதிக்க முடியாது.

அப்படியானால் குரலின்மேல் வைத்த பற்றுதானா? இங்கேதான் நான் சற்றுத் தயங்குகிறேன். 1957 அக்டோபரில் விவித பாரதி பிறந்தது. சினிமாப் பாட்டு சுதேச வானொலிக்குத் திரும்பிற்று. 1967 நவம்பர் 1-ஆம் தேதி, விளம்பரங்களுக்கு இடம் தரும் வர்த்தக ஒலிபரப்பு இந்தியாவில் முதன்முதலாகத் தொடங்கியபோது, அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று நகரங்களில் பம்பாய், நாகபுரியோடு புனேயும் ஒன்று. பாட்டுக்காகத்தான் ஜனங்கள் கொழும்புக்குப் போனார்கள் என்றால், அந்த வருஷமே புனேயின் முட்கள் எல்லாம் திரும்பி வந்திருக்க வேண்டும். மற்ற நேரங்களுக்குத் திரும்பி வரவும் செய்தன. புதன்கிழமை எட்டு மணி மட்டும் கொழும்பின் வசத்திலேயே இருந்தது. சயானி ஒவ்வொரு வாரமும் 'பெஹனோ ஔர் பாயியோ' என்று, சகோதரிகளை முன்னும் சகோதரர்களைப் பின்னுமாக அழைத்துத் தொடங்குவதற்கும், பாட்டின் ஸ்தானத்தைப் 'பாயதான்', அதாவது படிக்கட்டு, என்று குறிப்பதற்கும், வருஷக் கடைசியில் முதலிடம் பெற்ற பாட்டுக்கு எக்காளம் ஊதிக் கிரீடம் சூட்டுவதற்கும் ஒரு சம்பிரதாயத்தின் பலம் ஏற்பட்டுவிட்டிருந்தது. ஊர் ஊராக நேயர் சங்கங்கள் கூடி, தங்கள் வாக்குகளை எழுதியனுப்பி, அந்தப் படிக்கட்டைக் கட்டுவதில் தாங்களும் ஒரு கல் எடுத்துக் கொடுத்தன. கேட்கிறவர் தனியாகக் கேட்கவில்லை. தம்மைப் போலவே நாகபுரியிலும் கான்பூரிலும் ஒருவர் இதே நிமிஷத்தில் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற பிரக்ஞை அந்தக் குரலோடு சேர்ந்தே வந்தது.

1989-இல் கீத்மாலா இலங்கையை விட்டு விவித பாரதிக்கு வந்தது. ஒரு பேச்சாளர் நிலையம் மாறுவதற்கு இதைவிடச் சாதகமான சந்தர்ப்பத்தைக் கற்பனை செய்வது கடினம். சிற்றலையின் இரைச்சல் போய்த் துல்லியமான ஒலி கிடைத்தது, தேசமெங்கும் கேட்டது, பெயர் மாறவில்லை, குரல் மாறவில்லை. ஆனாலும் 1994-இல் தொடர் நின்றுவிட்டது. முப்பத்தாறு ஆண்டு கொழும்பில் நடந்தது, சொந்த மண்ணில் ஐந்தாறு ஆண்டுதான். நேயர்கள் கைவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் சொல்வது அநியாயம். 1982-இன் ஆசிய விளையாட்டுக்களோடு வர்ணத் தொலைக்காட்சி வந்து, ஒலிநாடா மலிந்து, பாட்டைக் கேட்பதற்கென்று வாரத்தில் ஒரு நாளும் நாளில் ஒரு வேளையும் காத்திருக்கும் அவசியமே அற்றுப்போன காலம் அது. குரலின்மேல் இருந்த பிரியம் அப்படியே இருந்தது. 2024 பிப்ரவரியில் சயானி காலமானபோது அந்தப் பிரியத்தை நாடெங்கும் கண்டோம். அவர் பேசினால் கேட்பதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த வேளை மட்டும் வீடுகளில் இருந்து மறைந்துவிட்டிருந்தது. வானொலி நேயத்தின் ஆதாரம் குரலைக் காட்டிலும் வேளையில் இருக்கிறது என்ற எண்ணம் எனக்கு முதலில் தோன்றியது இந்த வரலாற்றை யோசித்தபோதுதான்.

இதே நகரத்தின் வானொலி வரலாற்றில் இந்த எண்ணத்துக்கு இன்னொரு சான்று இருக்கிறது. 1955 ஏப்ரல் 1, ராமநவமி. அன்றைய தினம் புனே நிலையம் கீத ராமாயணத்தை ஒலிபரப்பத் தொடங்கியது. நிலைய அதிகாரி சீதாகாந்த் லாட் தூண்ட, க. தி. மாட்கூள்கர் எழுத, சுதீர் பட்கே இசையமைக்க, வாரத்துக்கு ஒன்றாக ஓராண்டு நடந்தது. ஐம்பத்திரண்டு வாரத்துக்கு ஐம்பத்திரண்டு பாட்டு என்று திட்டம். அந்த வருஷம் பஞ்சாங்கத்தில் அதிக மாசம் ஒன்று குறுக்கிட்டதால் மேலும் நான்கு எழுத வேண்டி வந்து, 1956 ஏப்ரலில் 56 பாட்டுக்களோடு முடிந்தது. காலட்சேபத்துக்குப் பழகிய நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்: கதை தெரிந்ததே, அடுத்த வாரம் என்ன நடக்கும் என்ற ஆவல் இல்லை, வேளை தவறாமல் கேட்பதே விரதம். வானொலிப் பெட்டிக்கு மாலை சாத்தி முன்னால் அமர்ந்தார்கள் என்று இன்றும் மராத்தி வீடுகளில் சொல்லக் கேட்கலாம். பெட்டியில் ஒலித்தபோது மாணிக் வர்மா, வசந்தராவ் தேஷ்பாண்டே, லதா மங்கேஷ்கர் எனப் பல குரல்கள் பாத்திரத்துக்கு ஏற்பப் பாடின. தொடர் முடிந்ததும் பட்கே எல்லாப் பாத்திரங்களையும் தாம் ஒருவரே பாடி மேடைக்கு எடுத்துச் சென்றார். அரங்குகள் ஆண்டுக்கணக்கில் நிரம்பின. பல குரல் ஒரு குரலாயிற்று, வானொலி மேடையாயிற்று, கேட்டவர் பின்தொடர்ந்தார். குரலுக்கு விசுவாசமாயிருந்தவர்கள் என்றால், மாணிக் வர்மா இல்லாத சீதையை அவர்கள் ஒப்பியிருக்கக் கூடாது.

அடுத்த ஆண்டில் நடந்ததை இன்று புனேயிலும் அதிகம் பேர் நினைவில் வைத்திருக்கவில்லை. என் மதிப்பில் அது நம் தேசத்து வானொலி ஆராய்ச்சியின் தலைசிறந்த அத்தியாயம். யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் உதவியோடு 1956 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, புனே நிலையம் தன்னைச் சுற்றிய ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்களுக்கென்று பிரத்தியேகமாக இருபது நிகழ்ச்சிகளை ஒலிபரப்பிற்று. வாரம் இரு நாள், நாளுக்கு அரைமணி, பத்து வாரம். ஒவ்வொரு கிராமத்திலும் இருபது பேருக்கு உட்பட்ட ஒரு குழு, சாவடியிலோ பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்திலோ கூடும். நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு, கேட்டதைப் பற்றி விவாதிக்கும். எலியை ஒழிப்பதா, கிணறு வெட்டுவதா, கூட்டுறவுச் சங்கத்தில் சேருவதா என்று பேசி, சந்தேகங்களை எழுதிப் புனேக்கு அனுப்பும். பதில் பின்னொரு நிகழ்ச்சியில் வரும். பரீட்சித்துப் பார்க்கும் பொறுப்பு பம்பாயின் டாட்டா சமூக விஞ்ஞானக் கழகத்துக்கு. ஆராய்ச்சியை நடத்திய பால் நாய்ராத், வியன்னாவில் பிறந்து, டாக்கௌ, பூக்கன்வால்ட் சிறைமுகாம்களில் அடைபட்டு மீண்டு, அமெரிக்காவுக்குப் போய்ச் சமூகவியல் பயின்றவர். சிறை முகாம்களில் மனிதர் கூட்டம் எப்படிச் சிதைக்கப்படுகிறது என்பதைக் கண்ணால் கண்ட ஒருவர், மகாராஷ்டிரச் சாவடியில் அது எப்படித் திரண்டு எழுகிறது என்று கணக்கெடுக்க வந்தது காலத்தின் விசித்திரங்களில் ஒன்று.

வானொலியே இல்லாத கிராமம், பெட்டி மட்டும் இருந்த கிராமம், பெட்டியோடு குழுவும் இருந்த கிராமம் என்று பிரித்து ஒப்பிட்டார்கள். குழு இருந்த இடத்தில் அறிவு வெகுவாக வளர்ந்திருந்தது. பெட்டி மட்டும் இருந்த இடத்தில் அந்த அளவுக்கு வளரவில்லை. ஒலிபரப்பு இரண்டு இடத்துக்கும் ஒன்றேதான், பேசியவரும் ஒருவரேதான். வித்தியாசம் கேட்பவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தவரால் உண்டானது. 1959-இல் நாய்ராத்தும் அன்றைய வானொலித் தலைமை அதிகாரி ஜகதீஷ் சந்திர மாத்தூரும் சேர்ந்து எழுதிய அறிக்கை யுனெஸ்கோ வெளியீடாக வந்தது. வினோதம் என்னவென்றால், இதே 1956-ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் ஹார்ட்டன், வோல் என்ற இருவர், ஒலிபரப்பில் பேசுகிறவரோடு கேட்பவர் கொள்ளும் உறவு ஒருதலையான உறவு, பழகாமலே பழகிவிட்டதாக எண்ணும் ஒரு மயக்கம் என்று எழுதி, அந்தக் கருத்து உலகமெங்கும் பிரசித்தி அடைந்தது. அவர்கள் கண்டது நகரத்து வீட்டின் கூடத்தில் தனியே அமர்ந்திருந்த மனிதரை. புனே மாவட்டத்துச் சாவடியை அவர்கள் பார்த்திருந்தால், ஒருதலை என்ற சொல்லை அத்தனை உறுதியாக எழுதியிருக்க மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. கேள்வி கேட்டு எழுதுகிறார்கள், பெயர் சொல்லிப் பதில் வருகிறது. இதில் எந்தத் தலை குறைகிறது?

நம்முடைய தென்கச்சி கோ. சுவாமிநாதன் இந்தச் சாவடி மரபின் வாரிசு என்று சொல்லத் துணிவேன். வேளாண்மை படித்து, திருநெல்வேலி வானொலியில் விவசாய நிகழ்ச்சியில் தொடங்கி, சென்னையில் 'இன்று ஒரு தகவல்' சொல்லிப் பெயர்பெற்றவர். அறிவுரைக்குப் பிள்ளையார்சுழி போடுவதுபோல் இழுத்து, கடைசி வாக்கியத்தில் சிரிக்காமல் சிரிக்க வைக்கும் அந்த மந்தகதி, திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவனுடையது. அவர் பிறகு சன் தொலைக்காட்சியில் 'இந்த நாள் இனிய நாள்' என்று காலையில் தோன்றியபோது ஜனங்கள் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், முகம் தெரிந்தது என்பதன்று. வேளையும் தோரணையும் மாறவில்லை என்பதே. பி. எச். அப்துல் ஹமீது இலங்கை வானொலியின் பாட்டுக்குப் பாட்டை நம்மூர்த் தொலைக்காட்சிக்கு எடுத்து வந்தபோதும் நடந்தது ஏறக்குறைய இதுதான். அவர் கொண்டுவந்தது குரலை மட்டுமல்ல, ழகரமும் னகரமும் பிசகாத உச்சரிப்போடு ஒருவரை ஒருவர் மரியாதையாய் விளிக்கும் ஒரு சபையையே பெயர்த்துக்கொண்டு வந்தார்.

பிறநாட்டு உதாரணம் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிட்னி நகரில் அரசியல் பேசிக் கோபத்தையும் பக்தியையும் ஒருங்கே சம்பாதித்த ஆலன் ஜோன்ஸ், 2002-இல் 2யூஈ நிலையத்தை விட்டு 2ஜிபி நிலையத்துக்கு மாறினார். அதே ஊர், அதே காலை வேளை. நேயர்கள் திரளாகப் பின்சென்றார்கள். சில ஆண்டுகளுக்குள் புதிய நிலையம் முதலிடத்துக்கு ஏற, பழையது தேய்ந்தது. அமெரிக்காவின் ஹவர்ட் ஸ்டர்ன், 2006 ஜனவரியில் இலவச வானொலியை விட்டுச் சந்தா கட்டிக் கேட்கும் சிரியஸ் செயற்கைக்கோள் வானொலிக்குப் போனார். அவர் வருகிறார் என்று அறிவித்த 2004 அக்டோபரில் சுமார் ஆறு லட்சமாயிருந்த சந்தாதாரர் தொகை, 2005 முடிவில் முப்பது லட்சத்தைத் தாண்டியது. மகத்தான வெற்றி என்று வியாபாரிகள் மெச்சினார்கள், நியாயமாகவே. ஆனால் அதுவரை கோடிக்கணக்கில் இருந்ததாகச் சொல்லப்பட்ட நேயர்களில் பெரும்பகுதியினர், கார் ஓட்டிக்கொண்டே பொத்தானை அழுத்திக் கேட்டவர்கள், பின்தொடரவில்லை. பெட்டி வாங்கி மாதச் சந்தா கட்டுகிற அளவுக்குப் பற்று இருந்தவர்கள் சிலரே. ஜோன்ஸ் தம் நேயர்களிடம் முள்ளை ஒரு விரற்கடை நகர்த்தச் சொன்னார். ஸ்டர்ன் பணப்பையைத் திறக்கச் சொன்னார்.

புனேயின் இன்றைய ஆர்.ஜே.யின் நிலை இவ்விருவருக்கும் இல்லாத ஒரு விசித்திரத்தை உடையது. தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது என்பது நம் நாட்டு விதி. ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் எடுத்து ஒலிபரப்ப மட்டும் 2011-ஆம் ஆண்டுக் கொள்கை இடம் தந்தது. போக்குவரத்து, வானிலை, விளையாட்டு, பரீட்சை முடிவு, திருவிழா, மின்சாரம், குடிநீர் போன்றவை செய்தியாகா என்று அதே கொள்கை விலக்களித்தது. ஆகவே சிட்னியின் பேச்சாளர் மந்திரிசபையைத் திட்டிச் சேர்த்த விசுவாசத்தை, புனேயின் பேச்சாளர் வியாழக்கிழமை தண்ணீர் வராது என்று சொல்லியே சேர்க்க வேண்டும். இதை நான் இளப்பமாகச் சொல்லவில்லை. கடக்வாஸ்லா அணையில் நீர் எவ்வளவு, லக்ஷ்மி ரோட்டில் பிள்ளையார் ஊர்வலம் எந்த முனையில் தேங்கி நிற்கிறது, ஹிஞ்சவடிக்குப் போகும் பாதையில் மழைநீர் எங்கே நிற்கிறது என்பதைத் தினமும் ஒருவர் சொல்லிக்கொண்டே வந்தால், அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லாத ஒரு நெருக்கம் உண்டாகிறது. கட்சி பேசி வந்த நேயம் கட்சியோடு ஒட்டிக்கொள்ளும். குழாய்த் தண்ணீர் பேசி வந்த நேயம் ஊரோடு ஒட்டிக்கொள்கிறது. பேசுகிறவர் எண் மாறினாலும் ஊர் மாறாத வரையில் அவரை இன்னோர் எண்ணில் தேடிப் பிடிப்பவர் உண்டு. தேடாதவருக்கு, பழைய எண்ணில் புதிதாய் வந்தவரும் அதே அணையின் நீர்மட்டத்தைத்தான் சொல்லப்போகிறார்.

நிலையத்தார் தம் பேச்சாளரைச் சட்டத்தால் கட்டிவைக்க இயலுமா என்ற கேள்விக்கு, 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு பெரும்பாலும் இல்லை என்றே விடையளிக்கிறது. 1967-இல் கோலிகரி என்பவரின் வழக்கில், ஒப்பந்த காலம் முடியுமுன் ஓடிப்போகிறவரைத் தடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. காலம் முடிந்த பின் ஒருவர் தம் தொழிலைச் செய்வதைத் தடுப்பது வேறு விஷயம். நிகழ்ச்சியின் பெயரை நிலையம் வைத்துக்கொள்ளலாம், விளம்பர மெட்டை வைத்துக்கொள்ளலாம். தொண்டையை வைத்துக்கொள்ள முடியாது. இதில் நிலையத்தாருக்கு உண்மையாகவே மிஞ்சுகிற சொத்து வேளை ஒன்றுதான் என்பதை அனுபவசாலிகள் அறிவார்கள். காலை ஏழிலிருந்து பதினொன்று வரை, புனேயின் இருசக்கர வாகனங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும் வேளையை, ஒரு நாள்கூடச் சும்மா விடாமல் உடனே யாரையாவது கொண்டு நிரப்புவதன் ரகசியம் அதுவே.

குரலும் வேளையும் அப்படியே இருக்க எண் மாறினால் என்ன ஆகும் என்பதை இதுவரை பார்த்தோம். எண்ணும் வேளையும் அப்படியே இருக்க, குரல் கிளம்பும் ஊர் மட்டும் மாறினால்? 2023 ஜூன் மாதத்தில் புனே இந்தச் சோதனையையும் சந்தித்தது. புனே ஆகாசவாணியின் பிரதேசச் செய்திப் பிரிவை மூடிவிட்டு, அந்த மராத்திச் செய்தியைச் சத்ரபதி சம்பாஜிநகரில், அதாவது பழைய அவுரங்காபாத்தில், தயாரித்து ஒலிபரப்புவது என்று ஆகாசவாணியை நடத்தும் பிரசார் பாரதி முடிவு செய்தது. பெட்டியைத் திறக்கிறவருக்கு எதுவும் மாறப்போவதில்லை: அதே அலைவரிசை, அதே நேரம், அதே மராத்தி. ஆயினும் ஊரில் எதிர்ப்புக் கிளம்பிற்று. அரசியல்வாதிகள் கட்சி பேதமின்றிப் பேசினார்கள், பத்திரிகைகள் எழுதின, முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்னும் பொருளாதார அறிஞர் 1970-இல் எழுதிய நூலில், ஒரு ஸ்தாபனத்தின்மேல் அதிருப்தி கொண்டவருக்கு இரண்டு வழி உண்டு, சொல்லாமல் விலகுவது ஒன்று, இருந்துகொண்டே குரல் கொடுப்பது மற்றொன்று, பற்று உள்ளவரே இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பார் என்றார். வானொலி நேயர் எப்போதும் முதல் வழியையே கொள்கிறவர். முள்ளைத் திருப்புவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவர் வாய் திறந்து பேசிய அபூர்வ சந்தர்ப்பம் இது.

எதைக் காப்பாற்ற அவர்கள் பேசினார்கள்? செய்தி வாசிக்கிறவர் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் முறைவைத்து வந்து போகிறவர். சயானியைப் போல ரசிகர் கூட்டம் உடையவரல்லர். அவரது முகம் தெரியாது; பெயரும் வாசிப்பின் தொடக்கத்தில் ஒரு கணம் காதில் விழுந்து மறைவது. ஆனால் சதாசிவ பேட் என்ற பகுதியில் நீர்க்குழாய் உடைந்தது என்பதைச் சொல்கிறவர், அந்தப் பேட்டின் சந்துகளில் நடந்து பழகியவராயிருக்க வேண்டும், ரிக்ஷாக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் தயங்காமல் வண்டியைத் திருப்பும்படி சொல்லத் தெரிந்தவராயிருக்க வேண்டும் என்று கேட்பவர் எதிர்பார்க்கிறார். 230 கிலோமீட்டருக்கு அப்பால் அமர்ந்திருப்பவரும் அதைச் சரியாகவே வாசித்துவிடலாம். இல்லையென்று யார் சொன்னார்கள்? கொழும்பு வழியாக 1,400 கிலோமீட்டர் சுற்றி வந்த சயானியை அடுத்த வீட்டுக்காரர் என்று ஏற்றுக்கொண்ட அதே ஊர், அவுரங்காபாத்திலிருந்து வரப்போகும் சொந்த மொழிச் செய்தியை அயலூர்ச் செய்தி என்று மறுத்துவிட்டது. மாமாவின் வானொலிக்குப் பிற்பாடு கயிறு மாற்றினார்கள். முள் எண்ணோடு சரியாகப் பொருந்தியது, அத்தையின் சிவப்புப் புள்ளிகள் பொருந்தவில்லை. வாணலி துடைக்கும் துணியில் மண்ணெண்ணெயைத் தோய்த்து அவற்றை அழிக்கப் போனவரை அத்தை தடுத்துவிட்டார் என்று மாமா சொன்னார். சயானியின் புள்ளி இருந்த இடத்தில் அப்போது எந்த நிலையமும் எடுக்கவில்லையாம். புதன்கிழமை எட்டு மணிக்கு அத்தை முள்ளை முதலில் அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பிறகுதான் கொழும்புக்கு நகர்த்துவாராம்.